புது டிவி வந்தாச்சு... படம் மட்டும் ஏன் இன்னும் மங்கலா இருக்கு?

புது 55 அங்குல டிவி வீட்டுக்கு வந்து இறங்கியாச்சு. பெட்டியைப் பிரித்து, சுவரில் மாட்டி, பழைய செட்-டாப் பாக்ஸையும் பழைய வயரையும் அப்படியே செருகி, வசந்தம் போட்டால்... முகமெல்லாம் அகலம், எழுத்தெல்லாம் கலங்கல்.

"பழைய டிவியே தேவலாம் போலிருக்கே. இதுக்கா இவ்வளவு காசு?" என்று பாட்டி கேட்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பேரன் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கிறான்.

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. பாட்டி சொல்வதிலும் தப்பில்லை. மோசமான படத்தைச் சின்னத் திரையில் போட்டால் குறை தெரியாது. பெரிய திரையில் போட்டால் பளிச்சென்று தெரியும்.

பிரச்சினை எங்கே? 'எச்டி' என்பது கடையில் வாங்கி வீட்டில் வைக்கும் பொருள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையில் கேமராவில் தொடங்கி உங்கள் சோஃபா வரை வரும் ஒரு பாதை. தண்ணீர்க் குழாய் மாதிரிதான். நடுவில் ஓரிடம் அடைத்திருந்தால், கடைசியில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் பயனில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சிங்கப்பூரில் எச்டி தொலைக்காட்சி பார்க்க மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. அது காற்றிலேயே இலவசமாக வருகிறது. அதைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

எச்டி என்றால் என்ன?

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் கூடக் கூட நுணுக்கமும் கூடும்.

- பழைய சாதாரணத் தொலைக்காட்சிப் படம்: 720 x 576. மொத்தம் சுமார் 415,000 புள்ளிகள்.
- முழு எச்டி: 1920 x 1080. சுமார் 2.07 மில்லியன் புள்ளிகள். பழையதைப் போல 5 மடங்கு.
- 4கே: 3840 x 2160. சுமார் 8.3 மில்லியன் புள்ளிகள். எச்டியைப் போல 4 மடங்கு.

1280 x 720 என்ற அளவும் உண்டு. அதையும் எச்டி என்றுதான் சொல்கிறார்கள். சிறிய, மலிவான டிவிகளில் 'எச்டி ரெடி' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். 'ஃபுல் எச்டி' வேறு. வாங்கும் முன் அட்டையில் எண்ணைப் பாருங்கள்.

வர வேண்டிய புள்ளிகளே வரவில்லை என்றால் டிவி என்ன செய்யும்? இருப்பதை வைத்து இல்லாததை ஊகித்து நிரப்பும். 4 லட்சம் புள்ளிகளை வைத்துக்கொண்டு 83 லட்சம் இடங்களை நிரப்பினால் படம் கலங்கத்தான் செய்யும்.

முதல் இடம்: படம் எப்படி எடுக்கப்பட்டது?

ஒரு கேள்வி. 1964இல் வந்த 'கர்ணன்' படம் தெளிவாக இருக்குமா, 1990களில் வந்த தொலைக்காட்சி நாடகம் தெளிவாக இருக்குமா?

பலரும் நாடகம் என்பார்கள். உண்மை தலைகீழ்.

'கர்ணன்' ஃபிலிமில் எடுக்கப்பட்டது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எச்டிக்கும் மேலான நுணுக்கம் அடங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, மின்னிலக்க வடிவுக்கு மாற்றி 2012இல் மீண்டும் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். வீடியோ நாடாவில் பதிவான 90களின் நாடகத்தில் அந்த 415,000 புள்ளிகளுக்கு மேல் ஒன்றுமே இல்லை. எவ்வளவு பணம் செலவழித்தாலும் அதற்குள் இல்லாததை வெளியே எடுக்க முடியாது.

ஆகவே பழைய நிகழ்ச்சி மங்கலாகத் தெரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள். சோதித்துப் பார்க்க இன்றைய செய்தி அறிக்கையைப் போடுங்கள். வாசிப்பவரின் தலைமுடியும் திரையின் கீழே ஓடும் எழுத்தும் கூர்மையாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் பாதை சரி. தெரியவில்லை என்றால், அடுத்த இடங்களைப் பார்ப்போம்.

இரண்டாம் இடம்: காற்றில் எப்படி வருகிறது?

ஒளிபரப்பு நிலையத்துக்குள் ஓடும் எச்டி படம் மிகப் பெரிது. ஒரு விநாடிக்குச் சுமார் 1.5 கிகாபிட். அதை அப்படியே காற்றில் அனுப்ப வழியில்லை. நூறு மடங்குக்கும் மேல் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். மாறாத பகுதியை விட்டுவிட்டு, மாறுவதை மட்டும் அனுப்புவதுதான் சுருக்கத்தின் சூட்சுமம். செய்தி வாசிப்பவரின் பின்னணி அசையாது. ஆகவே படம் தெளிவாக வரும். மேடையில் வண்ணத்தாள் கொட்டி, விளக்கு மின்னி, முப்பது பேர் ஆடினால் எல்லாமே மாறும். அப்போது படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். கோளாறு டிவியில் இல்லை.

சிங்கப்பூரில் இந்தச் சமிக்ஞை டிவிபி-டி2 என்ற முறையில் வருகிறது. இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிவிக்குள் டிவிபி-டி2 ட்யூனர் இருந்தால் தனிப் பெட்டியே தேவையில்லை. மலேசியாவும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே ஜொகூரில் வாங்கிய டிவியும் இங்கே வேலை செய்யும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் முறை வேறு. அங்கிருந்து கொண்டுவந்த டிவி காற்றில் வருவதைப் பிடிக்காது.

இளையர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினித் திரை, புரொஜெக்டர் ஆகியவற்றில் பெரும்பாலும் ட்யூனர் இருக்காது. புது பிடிஓ வீட்டுக்கு டிவிக்குப் பதில் புரொஜெக்டர் போதும் என்று முடிவெடுத்தால், டிவிபி-டி2 செட்-டாப் பாக்ஸ் ஒன்று தனியாகத் தேவைப்படும்.

நம் நாட்டில் எப்படி மாறியது?

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963இல் வந்தது. வண்ணப் படம் 1974இல். அந்த ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை வண்ணத்தில் நேரடியாகப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

2013 டிசம்பரில் மின்னிலக்க ஒளிபரப்பு தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பை 2017 இறுதியில் நிறுத்துவதாக இருந்தது. மக்கள் மாற அவகாசம் வேண்டும் என்று ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். 2018ஆம் ஆண்டோடு அனலாக் முடிவுக்கு வந்தது. கட்டணத் தொலைக்காட்சிச் சந்தா இல்லாத வீவக குடும்பங்களுக்கு, தேவையான கருவி வாங்க 100 வெள்ளி உதவி கிடைத்தது. மலேசியா 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் மாறியது.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்கு மட்டுமல்ல. காற்றில் இடம் அளவானது. அனலாக்கில் ஓர் ஒளிவழிக்குத் தேவைப்பட்ட அலைவரிசையில், மின்னிலக்க முறையில் பல எச்டி ஒளிவழிகளை அடைக்கலாம். மிஞ்சும் இடத்தைக் கைபேசிச் சேவைக்குத் தரலாம். முன்பு தொலைக்காட்சிக்குப் பயன்பட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உட்பட பலவற்றைச் சிங்கப்பூர் 2017இல் ஏலம் விட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு பில்லியன் வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்கின. பாட்டியின் டிவிக்குப் புது பெட்டி வந்ததற்கும் உங்கள் கைபேசி வேகத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

மூன்றாம் இடம்: வீட்டுக்குள் எப்படி வருகிறது?

முதலில் சுவரில் உள்ள டிவி பாயிண்ட்டில் ஆன்டெனா வயரைச் செருகி, டிவியின் மெனுவில் 'ஆட்டோ ட்யூன்' போடுங்கள். 'டிஜிட்டல்' அல்லது 'ஆன்டெனா' என்று கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒளிவழிகள் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

வரவில்லையா? உட்புற ஆன்டெனா ஒன்று வாங்குங்கள். யுஎச்எஃப் அலைவரிசையைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் சன்னல் ஓரம் வையுங்கள். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்யுங்கள்.

அனலாக் காலத்தில் சமிக்ஞை குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும். ஆனாலும் கதை புரியும். மின்னிலக்கத்தில் அப்படி இல்லை. போதுமான சமிக்ஞை இருக்கும் வரை படம் அருமையாக இருக்கும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் படம் உறையும், கட்டம் கட்டமாகும், பிறகு ஒன்றுமே இருக்காது. "நேத்து நல்லா வந்துச்சு, இன்னைக்கு வரலையே" என்று யாராவது சொன்னால், டிவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தினாலே சரியாகலாம்.

இப்படிப் பிடித்தால் என்ன கிடைக்கும்? வசந்தம், சூரியா, சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சிஎன்ஏ. மாதச் சந்தா பூஜ்யம். ஆண்டுதோறும் கட்டிய 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011இலேயே ரத்தாகிவிட்டது. ஆன்டெனா ஒரு முறை வாங்குவதோடு செலவு சரி.

நான்காம் இடம்: எந்த வயர்?

பாட்டி வீட்டில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள வயர் இருக்கிறதல்லவா? மஞ்சள் முனை எச்டியைக் கடத்தாது. எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அந்த வயர் வழியே பழைய படம்தான் வரும். எச்டிஎம்ஐ வயரைப் போடுங்கள்.

எச்டிஎம்ஐ வயருக்கு அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். வயருக்குள் போவது எண்கள். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் விலை குறைந்த வயரும் விலை உயர்ந்த வயரும் ஒரே படத்தைத்தான் தரும். 'தங்க முலாம் பூசியது, வண்ணம் கூடும்' என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வயரை மாற்றிய பிறகு பெட்டியின் மெனுவுக்குப் போய், வெளியீடு 1080 என்று இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகள் பழைய அளவிலேயே நின்றுவிடும்.

ஐந்தாம் இடம்: டிவி அமைப்புகள்

கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சில அமைப்புகள் இருக்கின்றன. வீட்டில் அவை தேவையில்லை.

- முகம் அகலமாகத் தெரிகிறதா? பட வடிவத்தை 16:9 அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். பழைய 4:3 படங்களில் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரி. எம்ஜிஆரை இழுத்து அகலப்படுத்த வேண்டாமே!
- ஓரத்தில் எழுத்து வெட்டுப்படுகிறதா? 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போடுங்கள்.
- 'விவிட்' வேண்டாம். 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நல்லது. முதலில் மஞ்சளாகத் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.
- சினிமா பார்த்தால் மெகா சீரியல் மாதிரி வழுவழு என்று இருக்கிறதா? அசைவை மென்மையாக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

4கே தேவையா?

இன்று கடைகளில் பெரிய டிவி என்றாலே பெரும்பாலும் 4கேதான். ஆகவே வாங்குவதில் தப்பில்லை. அதற்காகவே நல்ல டிவியைத் தூக்கிப் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. திரையின் உயரத்தைப் போல சுமார் 3 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால், சாதாரணப் பார்வை உள்ளவரின் கண் எச்டியின் முழு நுணுக்கத்தையும் பிடிக்கும். 4கேவுக்கு அது சுமார் ஒன்றரை மடங்கு. 55 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். அதாவது எச்டியை முழுமையாக ரசிக்க 2 மீட்டர். 4கேவை முழுமையாக ரசிக்க 1 மீட்டர்!

வரவேற்பறையில் சோஃபா 3 மீட்டர் தள்ளி இருந்தால், 55 அங்குலத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்கு அதிகம் தெரியப்போவதில்லை. அந்தப் பணத்துக்குக் கறுப்பு நிறம் நன்றாகத் தெரியும் திரையோ நல்ல ஒலிபெருக்கியோ வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது ஆன்டெனா எதற்கு?

நியாயமான கேள்விதான். மீவாட்ச், யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் என்று வளர்ந்த தலைமுறைக்கு 'காற்றில் வரும் டிவி' என்பதே புதுசு. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறது. சிங்கப்பூரின் ஃபைபர் இணைப்புக்கு அது சாதாரணம்.

ஆனால் எல்லா வீட்டிலும் ஃபைபர் இல்லை. தனியாக வசிக்கும் மூத்தோர் சிலர் கைபேசித் திட்டத்தை மட்டுமே நம்பியிருக்கிறார்கள். எச்டியில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 கிகாபைட் வரை செலவாகலாம். தினமும் நான்கு மணி நேரம் நாடகமும் செய்தியும் பார்க்கும் ஒருவருக்கு, மாதம் 360 கிகாபைட். இது சின்ன அளவு இல்லை.

இரண்டாவது, கூட்டம். இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்ப வேண்டும். பார்ப்பவர் கூடக் கூடச் சுமையும் கூடும். காற்றில் ஒரு முறை அனுப்பினால் போதும். பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் ஒரே படம், ஒரே தரம். தாமதமும் குறைவு. நீங்கள் இணையத்தில் காற்பந்து பார்க்கும்போது, கீழே காப்பிக்கடையில் முதலில் "கோல்!" என்று சத்தம் கேட்பது இதனால்தான்.

மூன்றாவது, கதவு. இணையச் சேவைக்குக் கணக்கு, கடவுச்சொல், செயலிப் புதுப்பிப்பு என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆன்டெனா எதுவும் கேட்காது. ரிமோட்டில் ஒரு எண். அவ்வளவுதான்.

இனி என்ன?

சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2019 ஜூனில் காற்றுவழித் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டது. மிகக் குறைவான வீடுகளே அதைப் பயன்படுத்தின என்பது காரணம். பிரிட்டனில் குறைந்தது 2034 வரை தொடரும் என்று அரசாங்கம் உறுதியளித்துள்ளது. அதன் பிறகு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றலாமா என்ற விவாதம் அங்கே இப்போதே சூடு பிடித்துள்ளது.

நாங்களும் ஒளிபரப்பு நிறுவனம்தான். இந்த விவகாரத்தில் எங்களுக்கும் பங்குண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் கேள்வி நியாயமானது. இளையர் எல்லாரும் இணையத்துக்குப் போய்விட்டால், காற்றுவழி ஒளிபரப்பு மூத்தோருக்கும் வசதி குறைந்தோருக்கும் மட்டும் என்றாகிவிடும். எண்ணிக்கை குறையக் குறைய, 'இதற்கு இவ்வளவு செலவா?' என்ற பேச்சு எழும். அனலாக்கை நிறுத்தியபோது 100 வெள்ளியும் ஒரு பெட்டியும் போதுமாக இருந்தன. அடுத்த மாற்றம் வந்தால், ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டிய இணையக் கட்டணத்தை யார் ஏற்பது?

தமிழ் வீடுகளுக்கு இது இன்னும் நெருக்கமான கேள்வி. ஆங்கிலத்தில் பார்க்க ஆயிரம் இடம் உண்டு. நம் ஊர்ச் செய்தியை நம் மொழியில், காசில்லாமல், எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் பார்க்கக்கூடிய இடம் அதிகமில்லை. வசந்தம் முழுநேர ஒளிவழியானதே 2008இல்தான்.

இந்த வாரக் கடைசியில் செய்ய வேண்டியது

பாட்டி, தாத்தா வீட்டுக்குப் போகும்போது இதை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் போதும்.

1. டிவிக்குப் பின்னால் பாருங்கள். மஞ்சள் வயர் இருந்தால் எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ போடுங்கள்.
2. டிவியிலேயே டிவிபி-டி2 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன்டெனாவை நேரே டிவியில் செருகுங்கள். பெட்டியும் வேண்டாம், இரண்டாவது ரிமோட்டும் வேண்டாம்.
3. ஆட்டோ ட்யூன் போடுங்கள்.
4. பட வடிவம் 16:9. 'விவிட்' வேண்டாம்.
5. துணைத்தலைப்பை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுங்கள். காது மந்தமாக உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.
6. மாதாமாதம் கட்டணத் தொலைக்காட்சிக்கு எவ்வளவு போகிறது, அதில் எதைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வசந்தம் மட்டும்தான் என்றால், ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் செய்தியைப் போட்டு, பாட்டி எப்போதும் உட்காரும் நாற்காலியில் நீங்கள் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். கீழே ஓடும் எழுத்தை அங்கிருந்து உங்களால் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.